லே-ஆஃப்: ஒரு சொல்லும் இரு பொருளும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஓசூர், நான்கு மொழிகளின் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் இங்கே ஒரே தெருவில் வழங்குகின்றன. பாகலூர்ச் சாலையில் காய்கறி விற்பவர் தெலுங்கில் விலை சொல்லித் தமிழில் சில்லறை கேட்பார். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர் பலர். கிருஷ்ணகிரியின் பழைய கடைத்தெருவில் தக்கினி உருது கேட்காத நாளில்லை. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் இங்கு உருப்பெற்றது. அசோக் லேலண்டின் கனரக வாகனங்களும், டி.வி.எஸ். இருசக்கர வாகனங்களும், டைட்டன் கைக்கடிகாரங்களும் 1980களில் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அவற்றோடு ஐந்தாவது மொழியாக ஆங்கிலமும் வந்தது. ஆனால் அது முழுமொழியாக வரவில்லை. துண்டு துண்டாக, இயந்திரங்களின் உதிரி பாகங்களைப் போலவே வந்து இறங்கிற்று.

இக்கல்லூரியின் தமிழ்த்துறையில் பயின்று வெளியேறிய நான், அத்தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் வருகைப் பதிவுப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். ஆலை வழக்கில் அதனை 'டைம் ஆபீஸ்' என்பர். தமிழ் படித்தவனுக்கு அங்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்டதுண்டு. அங்கு எனக்குப் பதிவேடு எழுதும் வேலையோடு, சொற்களைக் கேட்கும் வேலையும் கிடைத்தது. 'பஞ்ச் இன்', 'செட்-அப்', 'பிரேக்-டவுன்', 'ஷட்-டவுன்', 'லாக்-அவுட்' என்று ஒரு வினையும் ஓர் ஒட்டுச் சொல்லும் இணைந்த ஆங்கிலத் தொடர்கள், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் நாவிலும் தடையின்றிப் புரண்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதவே இம்மலரில் இடம் கேட்டேன். அது 'லே-ஆஃப்' என்னும் தொடர். பல்லாண்டுகள் அதனைக் கேட்டும் எழுதியும் வந்தவன் என்ற முறையில், அச்சொல்லின் பொருளைச் சரியாக அறிவது ஒரு தொழிலாளியின் அடுப்போடு தொடர்புடைய செய்தி என்பதை உணர்ந்திருக்கிறேன்.

முதலில் தொடரின் அமைப்பை நோக்குவோம். 'லே' என்றால் கிடத்து அல்லது வை என்று பொருள். 'ஆஃப்' என்றால் அப்பால், விலக என்று பொருள். இரண்டையும் கூட்டினால் 'அப்பால் வை' என்றாகும். ஆங்கிலத்தில் இத்தகைய தொடர்கள் உறுப்புகளின் பொருளைக் கடந்து தனிப்பொருள் பெறும் இயல்பின. நம் மொழியிலும் இவ்வியல்பு உண்டு. ஆங்கிலம் ஒட்டுச் சொற்களால் செய்வதைத் தமிழ் துணைவினைகளால் செய்கிறது. 'எழுதினான்', 'எழுதி வைத்தான்', 'எழுதி விட்டான்', 'எழுதிப் போட்டான்', 'எழுதித் தள்ளினான்' என்னும் ஐந்தும் எழுதுதலையே குறிப்பினும் ஐந்தும் ஒன்றல்ல. வைத்தல் பின்னர்ப் பயன்படும் என்னும் குறிப்பைத் தருகிறது. விடுதல் செயல் முற்றியது என்னும் குறிப்பைத் தருகிறது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இதுவே நமக்குத் துணை செய்யும்.

இனி, இத்தொடர் அன்றாட வாக்கியங்களில் எவ்வாறு அமைகிறது என்று காண்போம். ஓசூர் ஆலைத் தொழிலாளரிடையே நான் கேட்ட வாக்கியங்கள் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். 

"நாளையிலிருந்து மூணு நாள் லே-ஆஃப்." இது பெயரே பயனிலையாக முடியும் வாக்கியம். ஆங்கிலத்தில் வினையாகப் பிறந்தது இங்கே 'திருவிழா', 'ஞாயிறு' என்பன போல ஒரு நாளின் பெயராகிவிட்டது. 

"கம்பெனியில லே-ஆஃப் விட்டுட்டாங்க." இதில் 'விடு' என்னும் வினை வருகிறது. பள்ளிக்கு லீவு விடுவது, ஆலைக்கு சங்கு ஊதி விடுவது ஆகிய வழக்குகளின் சாயலில் இது அமைந்தது. 

"எங்களுக்கு லே-ஆஃப் கொடுத்துட்டாங்க." இது கொடுத்தல் வழி வந்தது. எல்லையின் அண்டை மொழிகள் மூன்றும் இவ்வழியையே விரும்புகின்றன. தெலுங்குக்காரர் 'இச்சினாரு' என்றும், கன்னடக்காரர் 'கொட்டித்தாரெ' என்றும், உருது பேசுவோர் 'தே தியே' என்றும் முடிப்பதைக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்கும் பொருள் கொடுத்தார்கள் என்பதே. 

நான்காவது, "நான் லே-ஆஃப்ல இருக்கேன்" என்பது. இங்கே அது ஓர் இடமாகவோ நிலையாகவோ ஆகி, ஏழாம் வேற்றுமை உருபை ஏற்கிறது. 'விரதத்தில் இருக்கிறேன்' என்பது போன்ற அமைப்பு இது. தொடங்கியது ஒருநாள் முடியும் என்னும் நம்பிக்கை இவ்வாக்கியத்தின் உள்ளே இருக்கிறது.

இந்நான்கு வாக்கியங்களுக்கும் பொதுவான ஒரு கூறு உண்டு. நான்கிலும் மனிதன் செயப்படுபொருளாக வரவில்லை. நாள்கள் வருகின்றன, ஆலை வருகிறது, 'எங்களுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் மக்கள் வருகின்றனர். 'என்னை' என்று இரண்டாம் வேற்றுமை வரவேயில்லை. ஆலைத் தொழிலாளி அறிந்த லே-ஆஃப் ஒரு தனிமனிதன் மீது விழும் அடியன்று. வெள்ளம், மின்வெட்டு ஆகியவை போல எல்லார்க்கும் பொதுவாக வந்து போகும் ஒரு காலம்.

சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே கருதிற்று. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் லே-ஆஃப் என்பதற்கான இலக்கணம் 1953ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, விற்காத சரக்கின் தேக்கம், இயந்திரப் பழுது, இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால், பதிவேட்டில் பெயருள்ள, ஆட்குறைப்புச் செய்யப்படாத தொழிலாளி ஒருவருக்கு முதலாளியால் வேலை கொடுக்க இயலாமற் போவதே லே-ஆஃப் என்று அது வரையறுத்தது. இவ்வரையறையின் உயிர்நாடி 'பதிவேட்டில் பெயருள்ள' என்னும் அடையில் உள்ளது. பெயர் நீங்கவில்லை, வேலை மட்டும் நின்றிருக்கிறது. ஆகவே ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்கு அந்நாள்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 50 விழுக்காடு இழப்பீடாக உண்டு. 50 பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள, பருவகாலத்தைச் சாராத ஆலைகளுக்கு இவ்விதி பொருந்தும். 12 மாதங்களில் 45 நாள்களைத் தாண்டினால் மேற்கொண்டு என்ன செய்வது என்பதற்கும் விதியுண்டு. இச்சட்டத்தின் இடத்தில் இன்று 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. லே-ஆஃப் செய்ய அரசின் முன்அனுமதி பெற வேண்டிய ஆலைகளின் அளவு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 என்று உயர்ந்துவிட்டது. அது தனியே விவாதிக்கத்தக்க செய்தி. ஆயினும் லே-ஆஃப் என்பதன் அடிப்படைப் பொருளும், பாதி ஊதியம் என்னும் உரிமையும் மாறவில்லை.

பாதி ஊதியம் என்றதும் ஒரு பழைய தொழிலாளியின் விளக்கம் நினைவுக்கு வருகிறது. அழுத்து இயந்திரப் பிரிவில் முப்பதாண்டு உழைத்தவர் அவர். ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் லே-ஆஃப் என்றால் என்னவென்று கேட்டபோது அவர் சொன்னார்: "ஆஃப் டே, ஆஃப் பாயிலுன்னு சொல்றமில்ல தம்பி? அந்த ஆஃப்தான். சம்பளத்துல ஆஃப்." தமிழ் ஒலிப்பில் பாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், அப்பால் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வேறுபாடின்றி 'ஆஃப்' என்றே ஆகிவிடுகின்றன. அவர் சொன்ன சொற்பிறப்பு தவறு. அதிலிருந்து அவர் அடைந்த முடிவோ முற்றிலும் சரி. அகராதியைப் பார்த்துப் பொருள் அறிந்த பலர் தம் உரிமையை அறியாதிருக்க, அகராதி பாராத அவர் பாதி ஊதியம் தமக்குரியது என்பதை அச்சொல்லுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். வேறு சிலர் அதனை 'லே-ஆப்பு' என்று வல்லெழுத்தை அழுத்திச் சொல்வர். மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்பு அது. "வெச்சுட்டான்பா ஆப்பு" என்ற ஏளனத்தோடு அறிவிப்புப் பலகையை விட்டு அகல்வர். மக்கள் வாயில் அயற்சொல் வெறும் ஒலியாக நெடுநாள் தங்குவதில்லை. தெரிந்த பொருள் ஒன்றை அதற்குள் ஊற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் தெரிந்த பொருளை ஊற்றிக்கொள்வதில் இடரும் உண்டு. மேலே சொன்ன 'லே-ஆஃப் விட்டுட்டாங்க' என்னும் வாக்கியத்தை மீண்டும் நோக்குக. லீவு விட்டால் மாணவன் ஊருக்குப் போகலாம். அதே வினை வருவதால், லே-ஆஃப் விட்டாலும் ஊருக்குப் போகலாம் என்று தொழிலாளி எண்ணுவது இயல்பு. சட்டமோ அவ்வாறு எண்ணவில்லை. வேலை நேரத்தில், குறித்த வேளையில், நாள்தோறும் ஒருமுறையேனும் ஆலைக்கு வந்து தம் வருகையைத் தெரிவிக்காதவருக்கு அந்த இழப்பீடு இல்லை என்பது அதன் விதி. காலையில் உரிய நேரத்தில் வந்து நின்றும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கப்படாவிட்டால்தான் அன்று லே-ஆஃப் செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். அதாவது, லே-ஆஃப் என்பது வீட்டிலிருக்கும் நாளன்று. வந்து நின்று வேலை இல்லையென்று அறிந்து திரும்பும் நாள். பல ஆலைகளில் உடன்பாட்டின் பேரில் இவ்வருகையைத் தளர்த்துவதுண்டு. தளர்த்தாத ஆலையில் நிகழ்வது வேறு.

2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவு ஓசூரையும் வந்தடைந்த காலம் அது. வாகனங்களுக்கு வாங்குவோர் குறையவே, வாகன உதிரி பாகங்களை வார்த்தும் கடைந்தும் கொடுக்கும் சிற்றாலைகள் தடுமாறின. பெயர் குறிப்பிட வேண்டாத ஓர் ஆலையில் ஆங்கிலத்தில் மட்டும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. நான்கு நாள் லே-ஆஃப் என்பது எல்லார்க்கும் புரிந்தது. அதன் கீழே இருந்த, நாள்தோறும் வாயிலில் கையொப்பமிட வேண்டும் என்னும் வரி பலருக்குப் புரியவில்லை. என் தெருவில் வாடகைக்கு இருந்த இளைஞர் ஒருவர், அரூர்ப் பக்கத்திலுள்ள தம் ஊருக்கு மனைவி மக்களுடன் பேருந்து ஏறிவிட்டார். "லே-ஆஃப் விட்டிருக்காங்க, அம்மாவப் பாத்துட்டு வரோம் சார்" என்று என்னிடம் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். எங்கள் ஆலையில் கையொப்ப முறை அப்போது இல்லாமையால் அவர் ஆலையின் நிலையை நான் அறிய வழியில்லை. மாத இறுதியில் அந்நான்கு நாள்களுக்குப் பாதி ஊதியமும் வரவில்லை. கேட்டதற்கு, அறிவிப்பைக் காட்டினார்களாம். பேருந்துக் கட்டணமும் போய், இழப்பீடும் போய், கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கினார் அவர். ஒரு துணைவினையின் சாயல் ஓர் உழைப்பாளியின் நான்கு நாள் உணவைப் பறித்த கதை இது.

சொற்களை மாற்றி வழங்குவது மேலிடத்திலும் நிகழ்வதே. லே-ஆஃப் என்னும் சொல்லைத் தவிர்த்து, 'வேலையில்லா நாள்கள்' என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடரை நிறுவனங்கள் விரும்பத் தொடங்கின. 2019ஆம் ஆண்டு வாகனத் தொழில் மீண்டும் தளர்ந்தபோது, அவ்வாண்டு செப்டம்பரில் அசோக் லேலண்ட் நிறுவனம் தன் ஆலைகளுக்கு இத்தகைய நாள்களை அறிவித்தது. எண்ணூருக்கு 16 நாள்கள். ஓசூருக்கு 5 நாள்கள். பங்குச் சந்தைக்கு வெளிப்படையாகத் தெரிவித்த செய்தி அது. எந்த நிறுவனத்தையும் குறைகூற நான் இதைச் சொல்லவில்லை. ஒரே நிகழ்வுக்குப் பல பெயர்கள் வழங்கும்போது, எந்தப் பெயருக்கு எந்த உரிமை உண்டு என்று தொழிலாளி கேட்டறிய வேண்டியதாகிறது என்பதையே சுட்டுகிறேன்.

பெயரே இல்லாத நிலை இன்னும் கொடிது. லே-ஆஃப் இழப்பீட்டு விதி, தற்செயல் தொழிலாளருக்கும் பதிலித் தொழிலாளருக்கும் பொருந்தாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆங்கிலச் சட்டத்திலேயே 'பத்லி' என்னும் நம் நாட்டுச் சொல் இடம்பெற்றிருப்பதை இங்குக் குறிப்பிடலாம். நாம் வழங்கும் 'பதில்' என்பதும் அரபு மூலத்தினின்று வந்ததே. ஒப்பந்தக்காரர் வழி வரும் தொழிலாளர் இன்று இப்பகுதியின் ஆலைகளில் மிகுதி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி உழைப்போர் அவருள் பலர். ஆலையில் வேலை குறையும்போது நிரந்தரத் தொழிலாளிக்கு லே-ஆஃப் வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வருகிறது என்று ஒருமுறை அவர்களுள் ஒருவரைக் கேட்டேன். அவர் அரைகுறைத் தமிழில், "போன் வரும் சார். நாளைக்கு வராதே, சொல்லும்" என்றார். அவ்வளவே. அவருடைய இழப்புக்குப் பெயரில்லை. பெயரில்லாததால் அதைக் கேட்டுப் பெற ஒரு படிவமும் இல்லை. ஒரு சொல்லைப் பெற்றிருப்பதே ஓர் உரிமை என்பதை அன்று அறிந்தேன்.

இதுகாறும் சொன்னது எல்லைக்கு இப்பாலுள்ள வழக்கு. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி வழியே சற்றுத் தொலைவு சென்றால் எலெக்ட்ரானிக் சிட்டி வரும். அங்கே இதே சொல்லுக்கு வேறு பொருள். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் உலகெங்கும் 11,000க்கு மேற்பட்டோரையும், 2023 ஜனவரியில் கூகுள் நிறுவனத்தின் தாய் நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தபோது, அச்செய்திகளில் நின்ற சொல் லே-ஆஃப் என்பதுதான். திரும்ப அழைக்கும் எண்ணமில்லாத, பதிவேட்டினின்று பெயரையே எடுத்துவிடும் நீக்கம் அது. நம் சட்ட மொழியில் அதனை ஆட்குறைப்பு என்போம். 

ஓசூர் ஆலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரில் கணினி வேலைக்குப் போகின்றனர். ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு லே-ஆஃப். மகனுக்கு வேறொரு லே-ஆஃப். என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் வீட்டில் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததை நான் உடனிருந்து கண்டேன். மகன் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் நான்காண்டு பணி செய்தவன். மாலையில் வந்து, காலணியைக் கழற்றாமலே வாயிற்படியில் அமர்ந்து, "என்னை லே-ஆஃப் பண்ணிட்டாங்கப்பா" என்றான். நண்பர் பதறவில்லை. தம் பணிக்காலத்தில் எத்தனையோ லே-ஆஃப்களைக் கண்டவர் அவர். "அதுக்கு ஏன்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? எத்தன நாளைக்கு? எப்பத் திரும்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். மகன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "கூப்பிட மாட்டாங்கப்பா. அது வேற, இது வேற" என்றான். நண்பர் என்னைப் பார்த்தார். தமக்குத் தெரிந்த சொல் ஒன்று தம் கண்முன்னே வேறாகிப் போனதை ஏற்க அவருக்கு நேரம் வேண்டியிருந்தது. அவர் துணைவியாரே முதலில் புரிந்துகொண்டு, "மொதல்ல உள்ள வா, சாப்பிடு" என்று மகனை அழைத்துப் போனார்.

அன்றிரவு அவ்வாக்கியத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். 'எங்களுக்கு லே-ஆஃப் விட்டுட்டாங்க' என்பது தந்தையின் வாக்கியம். 'என்னை லே-ஆஃப் பண்ணிட்டாங்க' என்பது மகனின் வாக்கியம். முன்னதில் பன்மை, பின்னதில் ஒருமை. முன்னதில் நான்காம் வேற்றுமையின் 'கு'. பின்னதில் இரண்டாம் வேற்றுமையின் 'ஐ'. முன்னதில் 'விடு', பின்னதில் 'பண்ணு'. நண்பர் சொல்லைக் கேட்டார், உருபைக் கேட்கவில்லை. கேட்டிருப்பாரேல், மகன் விளக்கும் முன்பே அவருக்குச் செய்தி கிட்டியிருக்கும். தமிழ் பேசுவோர் எவரும் கூடிப் பேசி இவ்வேறுபாட்டை வகுக்கவில்லை. கடன் வாங்கிய சொல் ஒன்றாகவே இருக்க, நம் மொழியின் உருபும் துணைவினையும் இருவேறு வாழ்க்கைகளைத் தாமே பிரித்துக் காட்டிவிட்டன. ஆங்கிலச் சொல்லால் இயலாததைத் தமிழ் இலக்கணம் செய்துள்ளது. 

இந்த இரு பொருளும் ஆங்கிலத்திற்குள்ளேயே உள்ளவை. வேலை குறைந்த பருவத்தில் ஆளை நிறுத்தி, வேலை வந்ததும் மீண்டும் அழைப்பது என்னும் பொருளே இத்தொடருக்கு 19ஆம் நூற்றாண்டில் வழங்கிற்று. இங்கிலாந்தின் தொழில்வழக்கில் இன்றும் லே-ஆஃப் தற்காலிகமானதே; நிரந்தர நீக்கத்திற்கு 'ரிடன்டன்சி' என்னும் வேறு சொல் உண்டு. அமெரிக்காவிலோ காலப்போக்கில் நிரந்தர நீக்கத்தையும் இச்சொல்லே குறிக்கலாயிற்று. நம் ஆலைச் சட்டம் பழைய பொருளை ஏற்றது. நம் கணினி நிறுவனங்கள் அமெரிக்கப் பொருளை ஏற்றன. இரண்டும் ஒரே தேசிய நெடுஞ்சாலையில் எதிரெதிரே வந்து, ஓசூரில் சந்தித்துக்கொண்டன.

அயற்சொல் பொருள் திரிந்து வழங்குவது நமக்குப் புதிதன்று. வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன் என்று ஆட்சி வழியே வந்த சொற்கள் பல நம்மிடையே தங்கிவிட்டன. பாரசீக வழியில் 'ராஜினாமா' என்பது உடன்பாட்டுப் பத்திரம் என்னும் பொருளது. நம்மிடம் அது பதவி விலகலாயிற்று. இதனால் மொழிக்குக் கேடு வந்துவிடவில்லை. அதிகாரம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியின் சொற்கள் அதிகாரத்திற்கு உட்பட்டோர் நாவில் ஏறும். இன்றைய ஆலையின் அதிகாரம் ஆங்கிலத்தில் பேசுகிறது. ஆகவே லே-ஆஃப் என்னும் சொல்லைத் தொழிலாளியின் வாயிலிருந்து அகற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. அது அவருக்குப் பாதி ஊதியம் தரும் சொல். அதை அவரிடமிருந்து பறிக்க நாம் யார்?

ஆனால் அச்சொல்லின் அருகே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்த நமக்குக் கடமையுண்டு. 'லாக்-அவுட்' என்பதற்குத் தொழிற்சங்கத்தார் வழங்கிய 'கதவடைப்பு' எவ்வளவு பொருத்தமாக நிலைத்தது! கேட்டவுடன் மூடிய வாயிற்கதவு கண்முன் நிற்கிறது. லே-ஆஃப் என்பதற்கோ நம் செய்தித்தாள்கள் 'பணிநீக்கம்' என்றும் 'ஆட்குறைப்பு' என்றும் மாறிமாறி எழுதுகின்றன. கணினி நிறுவனச் செய்திக்கு அது பொருந்தும். ஆலை லே-ஆஃபுக்கு அவ்வாறு எழுதினால், பதிவேட்டில் பெயருள்ளவனைப் பெயரற்றவனாக்கிய பிழை நேரும். இங்கேதான் முன்பு சொன்ன துணைவினை வேறுபாடு உதவுகிறது. வேலையை நிறுத்தி வைப்பது ஒன்று. வேலையை விட்டு நிறுத்தி விடுவது மற்றொன்று. முன்னதைப் 'பணி நிறுத்திவைப்பு' என்றும், பின்னதைப் 'பணிநீக்கம்' என்றும் வழங்கினால் குழப்பம் தீரும். 'வை' என்னும் ஓரெழுத்துச் சொல், திரும்ப எடுக்கும் பொறுப்பு வைத்தவனுக்கு உண்டு என்பதைத் தானே உணர்த்தும். இது என் தனிப்பட்ட கருத்து. இதனினும் சிறந்த சொல்லை இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் ஆக்கித் தருவரேல் மகிழ்வேன்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். சங்கப் பாடலுக்கு உரை எழுதப் பழகும் நீங்கள், உங்கள் ஊர் ஆலையின் அறிவிப்புப் பலகைக்கும் ஒருநாள் உரை எழுதிப் பாருங்கள். வேற்றுமை உருபு மயங்கினால் பொருள் மயங்கும் என்று நன்னூல் வகுப்பில் கற்றது அங்கே அரிசியாகவும் வாடகையாகவும் வெளிப்படும். 2008ஆம் ஆண்டின் நிகழ்ச்சிக்குப் பின்னர், எங்கள் ஆலையில் லே-ஆஃப் அறிவிப்பு ஒட்ட நேர்ந்த போதெல்லாம், மேலாளரின் இசைவு பெற்று அதன் அடியில் தமிழில் இரண்டு வரிகளை நான் எழுதி வந்தேன். அண்டையில் தெலுங்கும் கன்னடமும் அறிந்த தோழர்கள் தத்தம் எழுத்தில் அவற்றைச் சேர்த்தனர். அவ்வரிகள் இவை: 'மேற்கண்ட நாள்களில் வேலை நிறுத்திவைக்கப்படுகிறது, யாருடைய பெயரும் நீக்கப்படவில்லை. பாதி ஊதியம் உண்டு. கையொப்பம் கேட்கப்பட்டால் நாள்தோறும் காலை 8 மணிக்கு வாயிலில் வந்து இடவும், ஊருக்குச் செல்ல வேண்டாம்.'